சுருங்காத இறால்

கோபம் வந்தால் றஜிதாவுக்குக் கண் மண் தெரியாது. தன்னாமுனையில் அவள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இருப்பவர்களுக்குக்கூட அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பிழை நடந்தது என்பது காலையிலேயே தெரிந்துவிடும். தெரியாமலிருக்க வேண்டுமானால் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். ஆனால் அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அவள் புருஷன் கோகுலராஜ் மூன்று வருஷத்துக்கு முன்பே செத்திருப்பான் என்று அதே அயலவர்கள்தான் சொல்வார்கள். அதிலும் பொய்யில்லை.

கோகுலராஜ் பதினான்கு வயதிலிருந்து, ஊர்க்காரர் ஆறு என்று சொல்லும் மட்டக்களப்பு வாவியில் வலை வீசியவன். கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று போன இடத்திலெல்லாம் வலிக்குளிசை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலாவது தடவை அனுப்பப் பார்த்தபோது றஜிதா ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கே நின்றாள். "ரத்தத்த எடுத்துப் பாக்காம இந்த மனுசன நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன். ஏலுமெண்டா என்னையும் சேத்துத் தூக்கி வெளிய போடுங்க" என்று அவள் கத்தியதில் மூன்று வார்டுகள் எட்டிப் பார்த்தன. இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை ஏறத்தாழ நிறுத்தியிருந்தன. அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை அவன் இரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது.

கிளினிக்கில் தாதியாக இருக்கும் ஷஸ்னா மிஸ்ஸிதான் சாப்பாட்டுப் பட்டியலைச் சொன்னவள். றஜிதா அதைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். பொஸ்பேட் என்று ஒரு சத்து இருக்கிறது, எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியதுதான், ஆனால் மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம், அது படுத்துவிட்டால் மிஞ்சியது இரத்தத்திலேயே நிற்கும். நின்றால் உடம்பெல்லாம் சொறியும். எலும்பு உளுத்துப்போகும். இரத்தக் குழாய்கள் சுண்ணாம்பு பிடித்து இறுகும். ஆகவே பால்மா கூடாது, பருப்பு கூடாது, கச்சான் கடலை, ஈரல், முட்டை மஞ்சட்கரு, நெத்தலிக் கருவாடு, சோயா மீட் ஒன்றும் கூடாது. கறுப்புச் சோடாவைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. எருமைத் தயிரும் கூடாது. மட்டக்களப்பில் பிறந்த ஒருவனுக்குத் தயிரை நிறுத்துவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தவனுக்குத் தெரிந்திருக்காது.

றஜிதா பட்டியலை வேதவாக்காய்ப் பிடித்துக்கொண்டாள். மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அவித்தாள். அயல்வீட்டுப் பிறந்தநாளில் கோகுலராஜின் கையிலிருந்த கேக் துண்டைப் பத்துப் பேர் முன்னால் பறித்தாள். "இறால் மட்டும் அளவோட குடுங்க அக்கா. ரத்தம் சுத்தம் பண்றவருக்குப் புரதம் வேணும். ஆத்து றால், பச்சையா உடன எடுத்தது நல்லது" என்று ஷஸ்னா சொன்னது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த ஆறுதல். ஏனென்றால் இறால் அவள் வீட்டுக்குக் காசில்லாமல் வந்தது.

அவள் வேலை செய்தது துசாந்தனின் இறால் வாடியில். வாவிக் கரையோரம் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில். பதினொரு பெண்கள் நின்று தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் இழுத்து, ரெஜிபோம் நுரைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்குவார்கள். பெட்டிகள் கொழும்புக்குப் போகும். இந்தக் கரை வாடிகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து போகிற எவளையும் கறிக்கு இறால் கொடுக்காமல் அனுப்பக்கூடாது. கூலி வேறு, கறிக்கு வேறு. ஒருத்தி வெறுங்கையோடு வாசற்படலையைத் தாண்டினால் அடுத்த நாள் வலை வெறுமையாய் வரும் என்பார்கள். கொடுத்த கறியைத் திருப்பிக் கொடுப்பதும் அதே அளவு தரித்திரம். அப்படித் திருப்பிக் கொடுத்தவளை யாரும் கண்டதில்லை.

முன்பெல்லாம் கறிக்கு வந்தது கூடையிலிருந்து, அப்போதுதான் கரைக்கு வந்த இறால். இரண்டு வருஷத்துக்கு முன்பு துசாந்தன் வாடிக்குள் பீப்பாய் போன்ற ஒரு நீல பெரலைக் கொண்டுவந்து வைத்தான். ஐஸ் தண்ணீரில் ஏதோ வெள்ளைப் பவுடரைக் கரைத்து உரித்த இறாலை அதில் ஊறப் போட்டான். ஊறி வந்த இறால் கொழுத்துப் பளபளவென்றிருந்தது. "றாலுக்கும் மாசமாக்கும்" என்று பெண்கள் சிரித்தார்கள். உடைந்தது, வால் கழன்றது என்று பெட்டிக்கு உதவாமல் பெரலில் மிஞ்சியதுதான் அன்றிலிருந்து கறிக்கு வந்தது.

றஜிதா கேட்காமல் விட்டவளல்ல. முதல் நாளே கேட்டாள்.

"தம்பி, இது உப்பா? என்ட மனுசனுக்குக் கிட்னி வருத்தம், உப்புக் கூடாது."

"உப்பில்லக்கா. றால் பழுதாகாம இருக்கிறதுக்கு ஒரு பவுடர். ஒரு கிள்ளு நாக்கில வெச்சிப் பாருங்களன்."

வைத்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கவில்லை. அத்தோடு அவள் மனம் ஆறிவிட்டது. பட்டியலில் இறாலுக்குத் தடையில்லை, நாக்கில் உப்பில்லை, இன்னும் என்ன வேண்டும்? கிழமைக்கு நாலு நாள் இறால் சொதி வைத்தாள். மரக்கறித் தண்ணீரையெல்லாம் ஊற்றியவள் இறால் விட்ட தண்ணீரை ஊற்றவில்லை. நுரை நுரையாய் வந்த அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கவைத்தாள். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று நினைத்தாள்.

ஒரு நாள் கோகுலராஜ் சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "இஞ்ச, இந்த றால் ஏன் சுருங்கல்ல?" என்றான்.

"சுருங்காட்டி நல்லம்தானே."

"ஆத்து றால் சட்டியில விழுந்தா சுருளும். இது சவர்க்காரம் மாதிரி வழுக்குது, கா."

"ஆத்த விட்டு ஒரு வருசமாகுது, இன்னும் றாலுக்குக் குறை சொல்ற வாய் மட்டும் குறையல்ல. தின்னுங்க!"

முப்பத்தைந்து வருஷம் அந்த வாவியில் இறால் பிடித்தவன் சொல்கிறான். கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சொறி தொடங்கியது. கோகுலராஜ் முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்தான். சீப்பால் சொறிந்தான். காலில் சொறிந்த இடமெல்லாம் புண்ணாகியது. மாதாமாதம் வருகிற இரத்தப் பரிசோதனைத் துண்டில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு வரியை ஷஸ்னா சிவப்புப் பேனையால் வட்டமிட்டாள். "இதுதான் அக்கா பொஸ்பேட். போன மாசத்த விடக் கூட." அடுத்த மாதமும் கூட. அதற்கடுத்த மாதமும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத றஜிதாவுக்கு அந்த ஒரு சொல்லின் உருவம் மட்டும் தன் பெயரைப் போலப் பழகிவிட்டது.

சாதாரண நேரமென்றால் இதையும் ஒரு வருத்தமாய்ச் சுமந்திருப்பார்கள். ஆனால் அப்போது ஒரு வாசல் திறந்திருந்தது. கொக்கட்டிச்சோலையிலிருக்கும் கோகுலராஜின் தமக்கை பத்தினிப்பிள்ளை தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாய்ச் சொல்லியிருந்தாள். பரிசோதனையெல்லாம் செய்து பொருந்துகிறது என்றும் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப கிளினிக் டொக்டரின் கடிதம் ஒன்றுதான் பாக்கி. டொக்டர் இரத்தத் துண்டைப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார்.

"இவர் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் வாழ்நாள் முழுக்க நேரம் தவறாமல் குளிசை போட வேண்டும். சொல்வழி கேட்காதவருக்கு நான் எப்படிக் கடிதம் எழுதுவது?"

"நான் ஒண்டும் களவாச் சாப்பிடல்ல, சேர்" என்றான் கோகுலராஜ்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து றஜிதா பொலிஸ்காரியானாள். சட்டைப் பையைத் தடவினாள். கடைக்காரனிடம் விசாரித்தாள். அடுத்த கிளினிக்குக்கு நாலு நாள் இருக்கும்போது கட்டிலுக்கடியில் அவள் கைக்கு அகப்பட்டது ஒரு கறுப்புச் சோடாப் போத்தல். வெறும் போத்தல், அடியில் கொஞ்சம் ஈரம்.

"அது தண்ணி அளக்கிற போத்தல்" என்றான் அவன். "ஒரு நாளைக்கு முக்கால் லீட்டருக்கு மேல குடிக்கப்படாதெண்டாங்கதானே. றோட்டில கிடந்தத எடுத்துக் கழுவி, காலமைக்கு நிரப்பி வெச்சிட்டு அதால மட்டும் குடிக்கிறன். அளவு சரியா இரிக்கி."

"நெருப்பில்லாமப் புகையுமா? சோடாப் போத்தல் சோடா இல்லாமலா வந்த?"

"புள்ளையாராணக் குடிக்கல்ல, றஜி."

"சாமியையும் ஏன் பொய்க்குக் கூப்பிடுறீங்க!"

அந்த நாலு நாளும் அவள் கோபம் ஆறவில்லை. கிளினிக்கில் டொக்டர் மறுபடி அந்த வட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். "சேர், இவர் சோடா குடிக்கிறார். களவாக் குடிக்கிறார். நான் கண்டுபிடிச்சன். நான் அவியாத தண்ணியில்ல, ஊத்தாத தண்ணியில்ல, இந்த மனுசன் கட்டிலுக்குக் கீழ வெச்சிக் குடிக்கிறார்!" கதவு திறந்திருந்தது. வெளியே நீள வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்த அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் கோப்பில் ஏதோ எழுதினார்.

கதை வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. பத்தினிப்பிள்ளை போனில், "என்ட வயித்தக் கிழிச்சி எடுத்துக் குடுக்கிறது அவன் சோடா குடிக்கவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கோகுலராஜ் சண்டை போட்டிருந்தால் றஜிதா தாங்கியிருப்பாள். அவன் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தம்ளரில் ஊற்றி, அடுப்படிக்கு வந்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவான். அவள் பார்த்த பிறகுதான் குடிப்பான். பேச்சில்லை. நாலு கிழமை இப்படிப் போனது. "காட்ட வேணாம், குடிங்க" என்று அவள் எரிந்து விழுந்தாலும் நீட்டிக் காட்டினான். அவளுக்கு அந்தத் தம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் வாடியில் பவுடர் முடிந்து புதுச் சாக்கு வந்திருந்தது. வழக்கமாய்த் துசாந்தன் அதைத் தன் அறைக்குள் வைத்து வெட்டி வாளியில்தான் வெளியே கொண்டுவருவான். அன்றைக்கு ஐஸ் லொறி வந்து நின்றதால், "றஜிதாக்கா, அந்தச் சாக்க வெட்டி வாளிக்க கொட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கத்தியோடு குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். சாக்கில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். முதலாவது தெரியாது. இரண்டாவது நீளமானது, அதன் முன்பாதியும் தெரியாது. பின்பாதி தெரிந்தது.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுநாளைக்காகக் கைப்பையில் வைத்திருந்த இரத்தத் துண்டை எடுத்தாள். சிவப்பு வட்டத்தைச் சாக்கோடு ஒட்டவைத்து ஒவ்வொரு எழுத்தாய் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மாறவில்லை. மறுபடி முதலிலிருந்து தொட்டாள். அப்போதும் மாறவில்லை. இரண்டு வருஷம், கிழமைக்கு நாலு நாள், நுரைத் தண்ணீரோடு. தன் கையால்.

துசாந்தன் திரும்பி வந்தபோது அவள் நிமிர்ந்து நின்றாள்.

"இது பொஸ்பேட்டா?"

"என்ன அக்கா?"

"கேட்டதுக்குச் சொல்லு. இந்தப் பவுடர் பொஸ்பேட்டா இல்லையா?"

"ஓம், அப்படி ஏதோ பேர்தான். சாப்பாட்டுக்குப் போடுறதுதான் அக்கா, நஞ்சில்ல. தண்ணியப் பிடிச்சி வெச்சிக்கொள்ளும், நிறை நிக்கும். எல்லாரும் போடுறதுதானே."

"எவ்வளவு போடுற?"

"எவ்வளவெண்டா… ஒரு பெரலுக்கு ரெண்டு மூணு கோப்பை. கை அளவுதான்."

"கை அளவா? தண்ணிய விக்கிறதுக்கு றாலுக்குள்ள மருந்தேத்தி, அதக் கறிக்கெண்டு எங்கட கையில தந்தயா? உனக்கு நிறை, எங்களுக்கு வருத்தமா? உப்பா எண்டு கேட்டன். என்ட மனுசனுக்கு வருத்தம் எண்டும் சொன்னன். அண்டைக்கு இதுட பேரச் சொல்ல உனக்கு வாயில்லையா?"

"நீங்க உப்பா எண்டுதானே கேட்டீங்க. நான் உப்பில்லையெண்டன். கிட்னிக்குக் கூடாதெண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பதில்தான் அவளை வெறிகொள்ள வைத்தது, ஏனென்றால் அது உண்மை. அவள் உப்பைத்தான் கேட்டாள். சாக்கிலிருந்து அந்த எழுத்துகளைச் சதுரமாய் வெட்டி எடுத்தாள். பிறகு தன் பங்குக்குக் கட்டிவைத்திருந்த கறிப் பொட்டலத்தைப் பிரித்து, அத்தனை பெண்களும் பார்த்திருக்க, இறாலை நீல பெரலுக்குள் திருப்பிக் கொட்டினாள். "ஐயோ, கறியைத் திருப்பாதடி!" என்று ஒருத்தி பதறினாள். றஜிதா வெறுங்கையோடு படலையைத் தாண்டிப் போனாள். நாளைக்கு வலை வெறுமையாய் வந்தால் வரட்டும்.

வீட்டில் கோகுலராஜ் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாக்குத் துண்டையும் இரத்தத் துண்டையும் அவன் முன்னால் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவன் இரண்டையும் பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுக் குடித்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வீட்டில் பழியைச் சுமந்தவன் இன்னும் அதை இறக்கிவைக்கத் தயாராயில்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போனபோது முன் வாங்கில் பத்தினிப்பிள்ளை இருந்தாள். தம்பியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டொக்டரிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தன். என்னால ஏலாது" என்றாள்.

உள்ளே ஷஸ்னா மிஸ்ஸி சாக்குத் துண்டை வாசித்துவிட்டு வாயில் கையை வைத்தாள். "சோடியம் ட்ரைபொலிபொஸ்பேட். அக்கா, பருப்பில கச்சானில உள்ளதெண்டா பாதிதான் உடம்பில சேரும். இப்படித் தூளாப் போட்டது ஏறத்தாழ முழுசாச் சேரும். இறாலத் தின்னச் சொன்னது நான்தான். இத நான் யோசிக்கவேயில்ல."

"ஒங்கட பட்டியல்ல இது எங்க இரிக்கி, மிஸ்ஸி?" என்று றஜிதா கேட்டாள். "தயிரப் போட்டீங்க, ஈரலப் போட்டீங்க. சாமானுக்குள்ள கொட்டுறத ஏன் போடல்ல?" ஷஸ்னா சாக்குத் துண்டை டொக்டரின் மேசையில் வைத்தாள்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இறாலை நிறுத்துங்கள். அடுத்த மாதம் இரத்தத்தைப் பார்ப்போம். இறங்கினால் கடிதம் எழுதலாம்."

"இவர் களவாக் குடிக்கிறாரெண்டு கோப்பில எழுதினீங்களே, அத வெட்டுங்க, சேர்."

"அது நான் கண்டுபிடித்ததில்லையே, அம்மா. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்."

றஜிதா மேசையைப் பார்த்தபடி, தனக்கே கேட்காத குரலில், "நான் பிழையாச் சொல்லிட்டன், சேர். அவர் குடிக்கல்ல" என்றாள்.

நாலு கிழமைக்குப் பிறகு கோகுலராஜ் முதல் தடவையாய் அவளோடு பேசினான்.

"குடிச்சனெண்டு சொல்லக்குள்ள வாங்கில இருந்த அவ்வளவு பேருக்கும் கேட்டிச்சி. இப்ப ஏன் மெல்லமாச் சொல்றாய்?"

அவள் அவனைப் பார்த்தாள். மெலிந்து, கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்து, கண் மட்டும் கோபத்தில் எரிய நின்றான். கோபப்படுகிற உரிமையை அவனுக்குத் தராமல் இத்தனை நாளும் தனக்கு மட்டுமே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து கதவை முழுதாய்த் திறந்து வெளியே போய் வாங்குகளுக்கு நடுவில் நின்றாள். நாற்பது பேருக்கு மேல் இருக்கும்.

"எல்லாரும் கேளுங்க! போன கிளினிக்கில இந்த மனுசன் களவாச் சோடா குடிக்கிறாரெண்டு கத்தினவள் நான்தான். அவர் குடிக்கல்ல! ஒரு துளி குடிக்கல்ல! பொஸ்பேட்டச் சொதியில போட்டுக் குடுத்தவள் நான்! மனுசன் சொன்னார், நான்தான் கேக்கல்ல! வாடியில பெரல்ல ஊறின றால ஆரும் வாங்காதிங்க, வாங்கினாலும் இந்த வருத்தக்காரருக்குக் குடுக்காதிங்க! விளங்கிச்சா?"

காவலாளி ஓடிவந்தான். ஒரு கிழவர் தன் மனைவியிடம் "நாமளும் அந்த றால்தானே…" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தினிப்பிள்ளை வாங்கில் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் துடைத்தாள்.

"வாடா தம்பி, இஞ்ச வந்து இரி" என்று கதவடியில் நின்றவனைக் கூப்பிட்டாள். "அடுத்த மாசம் ரத்தத் துண்டு வந்தோண்ண எனக்குப் போன் எடு. வாறன்."